தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும்: உயர் இரத்த அழுத்தமும் இதயத் தசையும்



பிபி என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவு பக்கவாதத்துக்குப் போகும். அதற்கடுத்து சிறுநீரகம், கண். இதயம் என்று வந்தால் மாரடைப்பு, அதாவது குழாயில் அடைப்பு. எல்லாம் குழாய்களைப் பற்றிய அச்சம்தான். அந்தக் குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிற தசையைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. இன்று நான் பேச வந்தது அந்தத் தசையைப் பற்றி. உயர் அழுத்தம் இதயத் தசையின் ஆற்றல் செலவைக் கூட்டுகிறது. சில காலம் வரவும் சேர்ந்து கூடிச் சமாளிக்கிறது. பிறகு வரவு பின்தங்குகிறது. அந்தப் பற்றாக்குறை இதயம் சுருங்கும் வேலையில் தெரிவதற்கு வெகு முன்பே, தளரும் வேலையில் தெரிந்துவிடுகிறது. இதுதான் என் வாதம். இது சரியென்றால், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர் எதற்காகத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு நேரான விடை கிடைத்துவிடும்.

முதலில் சில அளவுகள். வளர்ந்த ஒருவரின் இதயம் சுமார் 300 கிராம். நிமிடத்துக்கு 70 முறை துடித்தால் ஒரு நாளில் ஒரு லட்சம் துடிப்பு. நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் ஒரு நாளில் சுமார் 7,000 லிட்டர் இரத்தம். இந்த வேலைக்குத் தசை செலவிடுவது ஏடிபி என்ற மூலக்கூறை. நாம் உண்ட உணவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துப் பெறும் ஆற்றல் எல்லாம் இந்த மூலக்கூறின் வழியாகத்தான் வேலையாக மாறுகிறது. இதயத்தில் எந்த நேரத்திலும் கையிருப்பாக உள்ள ஏடிபி ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு நாளில் அது செலவிடுவதோ ஏறத்தாழ 6 கிலோ. அப்படியானால் முழு இருப்பும் பத்துப் பதினைந்து விநாடிக்குள் தீர்ந்து, தீரத் தீரப் புதிதாக உண்டாக வேண்டும். இதயத் தசை உயிரணுவின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களே அடைத்துக்கொண்டிருப்பது இதனால்தான். காலில் உள்ள தசை ஓடி முடித்தபின் நின்று இளைப்பாறலாம். இதயத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இன்னொரு நெருக்கடியும் உண்டு. உடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஓய்வு நேரத்தில் இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனில் கால் பங்குதான் செலவாகிறது. மீதி திரும்பிப் போகிறது. இதயத் தசை நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே எழுபது சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. ஆகவே அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டால் கூடுதல் இரத்தம் வந்தே தீர வேண்டும். வந்த இரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே இடமில்லை.

இந்த இறுக்கமான கணக்கில் அழுத்தம் எங்கே வந்து நுழைகிறது? இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் உயர்ந்து நின்றது. 1733இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அந்த முறையிலேயே மனிதரைக் கணக்கிட்டால், 120 மி.மீ. பாதரசம் என்பது சுமார் 5 அடி உயர இரத்தம். 160 என்பது 6 அடி 8 அங்குலம். ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி இரத்தத்தை அந்த உயரத்துக்கு எதிராகத் தள்ள வேண்டும். இதயத்தின் ஆக்சிஜன் தேவையைத் தோராயமாக அறிய மருத்துவர்கள் ஓர் எளிய பெருக்கல் வைத்திருக்கிறார்கள்: நாடித் துடிப்பு, மேல் அழுத்தம் இரண்டையும் பெருக்குவது. 70ஐ 120ஆல் பெருக்கினால் 8,400. 70ஐ 160ஆல் பெருக்கினால் 11,200. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும், தூங்கும்போதும், அழுத்தம் இறங்காதவரை இந்தக் கூடுதல் செலவு ஓடிக்கொண்டே இருக்கிறது.

இரத்தத்தை அதிகமாகத் தள்ளினாலும் செலவுதானே, அழுத்தத்தை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நூறு ஆண்டுக்கு முன்பே இதற்குச் சோதனை நடந்துவிட்டது. லண்டனில் உடலியல் அறிஞர் ஸ்டார்லிங்கின் ஆய்வுக்கூடத்தில் எவன்ஸ், மத்சுவோக்கா இருவரும் நாயின் இதயத்தில் சோதித்து 1915இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் சார்நாஃப் குழுவினர் 1958இல் அதை இன்னும் துல்லியமாகச் செய்தார்கள். அழுத்தத்தை மாற்றாமல் இரத்த ஓட்டத்தைப் பல மடங்கு உயர்த்தியபோது ஆக்சிஜன் செலவு ஓரளவுதான் கூடியது. ஓட்டத்தை மாற்றாமல் அழுத்தத்தை உயர்த்தியபோது, செலவும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஏறியது. நிறைகுடத்தை இடுப்பிலிருந்து தூக்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால், குடம் நகரவில்லை என்றாலும் கை கடுக்கிறது அல்லவா, அதுபோலத்தான் இதுவும். இதயச் சுவர் விறைத்து நிற்கும் ஒவ்வொரு கணத்துக்கும் ஏடிபி எரிகிறது. இதயத்துக்கு விலை அதிகமான வேலை அழுத்தத்தைத் தாங்குவதே. உயர் இரத்த அழுத்தம் அந்த விலை உயர்ந்த வேலையைத்தான் நிரந்தரமாக்குகிறது.

இதயம் இதற்குத் தன்னால் ஆன ஏற்பாட்டைச் செய்துகொள்கிறது. இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் விதிப்படி, சுவரில் விழும் இழுவிசை உள்ளே உள்ள அழுத்தத்தையும் அறையின் ஆரத்தையும் பொறுத்துக் கூடும். சுவரின் தடிமன் கூடக் கூடக் குறையும். அழுத்தம் ஏறிய அளவுக்குச் சுவரும் தடித்தால் ஒவ்வொரு தசை நாரின் மீதும் விழும் பாரம் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. இதை அமெரிக்காவில் வில்லியம் கிராஸ்மன் குழுவினர் 1975இல் நோயாளிகளிடமே அளந்து காட்டினார்கள். கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் தடித்த தசைக்குத் தீனி எங்கிருந்து வரும்? தசை நார் பருத்த அளவுக்கு அதைச் சுற்றியுள்ள நுண்குழாய்கள் பெருகுவதில்லை. இரத்தக் குழாயிலிருந்து நாரின் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் கடந்துபோக வேண்டிய தொலைவு கூடிவிடுகிறது. நார்களுக்கிடையே வடுத்திசு படிகிறது. இடது கீழறைச் சுவருக்கு இரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் பாயும். சுருங்கும்போது சுவரே தன் குழாய்களை நசுக்கிவிடுகிறது. அழுத்தம் கூடிய இதயத்தில், சுவரின் உட்புற அடுக்குக்குத்தான் நசுக்கல் அதிகம், இரத்தம் குறைவு. ஆரோக்கியமான இதயம் தேவைப்பட்டால் தன் இரத்த வரத்தை நான்கு மடங்கு வரை கூட்டிக்கொள்ளும். தடித்த இதயத்தில், ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தால் பெரிய குழாய்கள் சுத்தமாக இருந்தாலும், அந்தச் சேமிப்புத் திறன் குறைந்துபோயிருக்கிறது.

எரிபொருளும் மாறுகிறது. வளர்ந்தவரின் இதயம் பெரும்பகுதி ஆற்றலைக் கொழுப்பு அமிலங்களிலிருந்து எடுக்கிறது. மீதியைக் குளுக்கோஸ், லாக்டேட் முதலியவற்றிலிருந்து. பாரம் தாங்கித் தடித்த இதயம் கொழுப்பை எரிப்பதைக் குறைத்து, கருவில் இருக்கும் சிசுவின் இதயத்தைப்போலக் குளுக்கோஸ் பக்கம் சாய்கிறது. ஒரே அளவு ஆக்சிஜனுக்குக் குளுக்கோஸ் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஏடிபி தரும். அந்த வகையில் இது புத்திசாலித்தனமான மாற்றம்தான். ஆனால் ஒரு மூலக்கூறு கொழுப்பு அமிலம் தரும் மொத்த ஆற்றலுக்கு அருகில் குளுக்கோஸ் வர முடியாது. கொழுப்பைக் கைவிட்ட அளவுக்குக் குளுக்கோஸை முழுமையாக எரிக்கும் திறனும் வளர்வதில்லை. சிக்கனம் கிடைத்தது, மொத்த வரவு கூடவில்லை.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு இதயத் தசை உயிரணுவை, ஒரே ஒரு துடிப்பின்போது கவனிப்போம். மின்தூண்டல் வந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. உயிரணுவுக்குள் உள்ள சேமிப்புப் பைகளிலிருந்தும் கொட்டுகிறது. கால்சியத்தின் செறிவு கண நேரத்தில் சுமார் பத்து மடங்கு ஏறுகிறது. இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன, தசை சுருங்குகிறது. அடுத்து அது தளர வேண்டும். பற்றிய இழைகள் பிடியை விடுவதற்கு ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு ஏடிபி வந்து அமர வேண்டும். இறந்தவரின் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது இதற்கு மறுக்க முடியாத சாட்சி: ஏடிபி தீர்ந்துவிட்டது, இழைகளால் பிடியை விட முடியவில்லை. அடுத்து, கொட்டிய கால்சியத்தை எல்லாம் மறுபடி பைகளுக்குள் ஏற்ற வேண்டும். செர்கா என்ற புரதம், ஒரு ஏடிபிக்கு இரண்டு கால்சியம் வீதம், செறிவு குறைந்த இடத்திலிருந்து பல ஆயிரம் மடங்கு செறிவு கூடிய இடத்துக்கு அதை ஏற்றுகிறது. உயிரணுவில் ஏடிபி தேவைப்படும் வேலைகளிலேயே இதற்குத்தான் ஆற்றலின் தரம் மிக உயர்வாக இருக்க வேண்டும். ஏடிபியின் அளவு கொஞ்சமும் குறையாமல், அதன் கழிவுப் பொருள்கள் மட்டும் தேங்கினால்கூட அந்தத் தரம் இறங்கிவிடும். சுருங்கும் வேலை அப்போதும் நடக்கும். கால்சியத்தைத் திருப்பி ஏற்றும் வேலைதான் முதலில் மந்தமாகும். தளர்வு தாமதமாகும், சுவர் விறைப்பாகவே இருக்கும், அறை நிரம்ப உள்ளே அதிக அழுத்தம் வேண்டியிருக்கும், அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போகும். மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கும். எக்கோ எடுத்துப் பார்த்தால் ‘பம்பிங் நார்மல்’ என்று வரும். இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த வகையினர். அவர்களில் பெரும்பாலோருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு.

இது வெறும் ஊகமா? உயிருள்ள மனிதரின் இதயத்தில் ஆற்றல் இருப்பை அளக்க ஒரு வழி இருக்கிறது. எம்ஆர்ஐ போன்ற காந்தக் கருவியில் பாஸ்பரஸின் சமிக்ஞையைப் பிடித்து, கிரியேட்டின் பாஸ்பேட்டுக்கும் ஏடிபிக்கும் உள்ள விகிதத்தைக் காணலாம். கிரியேட்டின் பாஸ்பேட் ஏடிபியை உடனுக்குடன் மீட்டுத் தரும் இருப்பு. நெருக்கடி வந்தால் முதலில் குறைவது அதுதான். நெதர்லாந்தின் லைடன் நகரில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், உயர் அழுத்தம் உள்ளவர்களிடம் இந்த விகிதம் ஆரோக்கியமானவர்களைவிடக் குறைந்திருந்தது. தளர்வுக் கோளாறும் அதனுடன் தொடர்புபட்டிருந்தது. இதய அறை விரிந்து பலவீனப்பட்ட 39 நோயாளிகளை ஜெர்மனியின் ஸ்டெஃபான் நியூபவர் குழுவினர் பல மாதங்கள் பின்தொடர்ந்து 1997இல் எழுதினார்கள்: விகிதம் 1.6க்குக் கீழே இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் இறந்தார்கள். மேலே இருந்தவர்களில் 11 சதவீதம். அவர்கள் உயர் அழுத்த நோயாளிகள் அல்லர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆற்றல் இருப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த எண்கள் போதும்.

மருந்தே இல்லாத காலத்தில் இந்த நோய் எப்படி நடந்து முடிந்தது என்பதற்கு அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கலாம். 1937இல் அவருடைய அழுத்தம் 162/98. 1941இல் 188/105. அவருடைய சொந்த மருத்துவர் மெக்கின்டயர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். அதிபர் நலம் என்றே சொல்லிவந்தார். 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூன் என்ற இளம் இதய மருத்துவர் முதன்முறையாகப் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108. இதயம் பெருத்திருந்தது, அதிபருக்கு மூச்சு வாங்கியது, இதயச் செயலிழப்பு தொடங்கிவிட்டது. ஓய்வு, உப்புக் குறைப்பு, டிஜிட்டலிஸ் என்ற இதய மருந்து தவிர அன்று கொடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி மூளை இரத்தக் கசிவில் இறந்தார். கடைசி அடி மூளையில் விழுந்ததால் உலகம் அதையே நினைவில் வைத்திருக்கிறது. இதயம் அதற்கு ஓராண்டுக்கு முன்பே திணறத் தொடங்கியிருந்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அது ஒருவருடைய தனிக்கதையும் அல்ல. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948இல் தொடங்கிய ஆய்வின் தரவுகளை வைத்து 1996இல் வெளியான கட்டுரை, அங்கே புதிதாக இதயச் செயலிழப்பு வந்தவர்களில் 91 சதவீதம் பேருக்கு அதற்கு முன்பே உயர் அழுத்தம் இருந்ததைக் காட்டியது.

மறுப்புகளுக்கு வருவோம். சுவர் தடிப்பது இயற்கை தந்த பாதுகாப்பு, அதைத் தடுத்தால் இதயம் விரைவில் பலவீனமடைந்துவிடாதா என்பது பழைய, மதிக்கத்தக்க கேள்வி. கிராஸ்மனின் அளவீடு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் 2002இல் எஸ்பொசிட்டோ, ராக்மன் முதலியோர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். தசை தடிக்க முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளின் பெருந்தமனியை இறுக்கி, இதயத்துக்குப் பாரம் ஏற்றினார்கள். எதிர்பார்த்தபடி சுவரின் மீது இழுவிசை கூடியது. ஆனாலும் நன்றாகத் தடித்த சாதாரண எலிகளின் இதயங்கள்தான் பலவீனமடைந்தன, தடிக்காதவை தாக்குப்பிடித்தன. எலியில் கண்டது அப்படியே மனிதருக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். தடிப்பு இல்லாவிட்டால் அழிவு நிச்சயம் என்ற நம்பிக்கையை அது உடைத்துவிட்டது என்று மட்டும் சொல்வேன்.

ஓட்டக்காரர்களுக்கும் இதயம் பெரிதாகிறதே, உடற்பயிற்சியின்போது அழுத்தம் 200ஐத் தொடுகிறதே என்பது அடுத்த கேள்வி. பயிற்சி ஒரு மணி நேரம். மீதி இருபத்து மூன்று மணி நேரமும் பயின்றவரின் நாடி மெதுவாகவும் அழுத்தம் தாழ்ந்தும் இருக்கிறது. அந்த இதயம் பெருக்கும்போது நுண்குழாய்களும் மைட்டோகாண்ட்ரியாக்களும் சேர்ந்து பெருகுகின்றன. தளர்வு இன்னும் நன்றாகிறது. பயிற்சியை நிறுத்தினால் தடிப்பும் பெரும்பாலும் வடிகிறது. உயர் அழுத்தம் நீடிக்கும்வரை இவை எதுவும் நடப்பதில்லை. நடைப்பயிற்சியை நாம் பரிந்துரைப்பதும் மாத்திரையைப் பரிந்துரைப்பதும் ஒரே காரணத்துக்காகத்தான்.

மூன்றாவது கேள்வியை எனக்கு மிகவும் பிடிக்கும்: ஆற்றல் குறைவுதான் நோய் என்றால் இதயத்துக்குத் தெம்பு கொடுக்க வேண்டியதுதானே? செய்து பார்த்தார்கள். மில்ரினோன் என்ற மருந்து இதயத்தை வலுவாகச் சுருங்க வைக்கும். கடுமையான செயலிழப்பு உள்ள 1,088 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1991இல் வந்தது: மாத்திரையாக அதைச் சாப்பிட்டவர்களில் இறப்பு 28 சதவீதம் கூடியிருந்தது. இதற்கு நேர் எதிரானவை பீட்டா பிளாக்கர்கள். நாடியையும் சுருங்கும் வேகத்தையும் குறைப்பவை என்பதால், பலவீனமான இதயத்துக்கு அவற்றைக் கொடுக்கவே கூடாது என்று பல காலம் பாடம் நடத்தினார்கள். சுவீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள் 1970களில் துணிந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் வெளிவந்த இரண்டு பெரிய சோதனைகளில், பிசோப்ரொலோலும் மெட்டோப்ரொலோலும் இறப்பை 34 சதவீதம் குறைத்தன. மில்ரினோன் கெடுத்ததற்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதும் ஒரு காரணம்தான். எல்லாவற்றையும் ஆற்றல் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் செலவைக் கூட்டிய மருந்து உயிரைக் குடித்ததும், செலவைக் குறைத்த மருந்து உயிரைக் காத்ததும் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. கடைகளில் ‘ஹார்ட்டுக்குச் சத்து’ என்று விற்கும் மாத்திரைகளை வாங்கும் பணத்தில், வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு பிபி கருவி வாங்கலாம்.

கடைசி மறுப்பில் நியாயம் இருக்கிறது. இதயத் தசைக்கு இரத்தம் பாய்வது தளரும் நேரத்தில் என்றால், கீழ் அழுத்தத்தை மிகவும் இறக்கினால் அந்தப் பாய்ச்சலே குறைந்துவிடாதா? குறையலாம். அதுவும் தடித்த சுவரும் அடைபட்ட குழாய்களும் உள்ள முதியவருக்கு அந்த அபாயம் உண்மையானது. ஆகவே படிப்படியாகக் குறைக்க வேண்டும், நின்றால் தலைசுற்றுகிறதா என்று கேட்க வேண்டும், ஆளுக்கு ஆள் இலக்கு வேறுபட வேண்டும். அதற்காகக் குறைக்காமல் விடுவது சரியாகாது. 9,361 பேர் பங்கெடுத்து 2015இல் முடிவு வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில், 140 போதும் என்றிருந்த குழுவைவிட இதயச் செயலிழப்பு 38 சதவீதமும் மொத்த இறப்பு 27 சதவீதமும் குறைந்தன. மயக்கம், சிறுநீரகத் தொந்தரவு போன்ற பக்கவிளைவுகள் கூடின என்பதும் அந்த ஆய்வு சொன்னதே. இதயச் செயலிழப்பு அவ்வளவு இறங்கியது எனக்கு வியப்பாக இல்லை; தசையின் அன்றாடப் பாரத்தைக் குறைத்தால் முதலில் பயன்பெற வேண்டியது அந்தத் தசைதானே. தடித்த சுவரும் திரும்பி மெலிகிறது. 9,193 பேரைக் கொண்ட லைஃப் ஆய்வில், லோசார்டான், அட்டினலால் என்ற இரு மருந்துகளும் அழுத்தத்தை ஏறத்தாழ ஒரே அளவு குறைத்தன. தடிப்பை வடிய வைப்பதில் லோசார்டான் முந்தியது. யாருக்கு எந்த மருந்து என்பதை அவரவர் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

2019இல் உலகில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது என்றும், அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் பிபி மாத்திரை பலருக்கு வீட்டு வாசலுக்கே வருகிறது. வந்த மாத்திரையை, ‘இப்போது நார்மலாகத்தானே இருக்கிறது’ என்று டப்பாவிலேயே விட்டுவிடுகிறவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. நார்மலாக இருப்பது அந்த மாத்திரையால்தான். அதை நிறுத்தினால் அழுத்தம் பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ ஏறிவிடும். தசையின் செலவும் அன்றே ஏறிவிடும், ஆனால் அது உங்களுக்கு வலிக்காது. முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். அளக்கும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், மருத்துவரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.